பருத்தியில் சப்பை உதிர்வும் பயிர் ஊக்கிகளும்

பயிர் வளர மண், நீர், வெயில், உரம் ஆகியவை வேண்டும் என்பதை உழவர் பெருமக்கள் அனைவரும் அறிவர். ஆனால் எந்தக் கணுவில் கிளை பிரிய வேண்டும், எப்போது மொட்டு விட வேண்டும், எந்தக் காயைத் தாங்க வேண்டும், எதை உதிர்க்க வேண்டும் என்பதைப் பயிர் எப்படி முடிவு செய்கிறது? இதற்கான கட்டளைகளைச் செடியின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குக் கொண்டு செல்பவையே வளர்ச்சி ஊக்கிகள் எனப்படும் ஹார்மோன்கள். இவற்றின் தன்மையை அறிந்து பயன்படுத்தினால் நன்மை உண்டு. அறியாமல் பயன்படுத்தினால் செலவு வீணாவதோடு பயிருக்கே கேடு நேரலாம். அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலம் பகுதியில் ஒரு பருத்தி வயலில் கண்டதை வைத்து இதனை இங்கு விளக்குவோம்.

வயலில் கண்டது

ஒரு கார்த்திகை மாதத்தில் அவ்வூர்ப் பக்கத்து உழவர் ஒருவர் பருத்திக் கொழுந்துகள் சிலவற்றைப் பிடுங்கி எடுத்து வந்தார். ஆவணிக் கடைசியில் விதைத்த வீரிய ஒட்டுப் பருத்தி, ஒன்றரை ஏக்கர். அடி இலைகள் பருத்தி இலைகளாகவே இருந்தன. நுனியில் புதிதாக வந்த இலைகளோ குறுகி, நீண்டு, விரல் விரலாகப் பிளந்து வெண்டை இலையைப் போல் காணப்பட்டன. நரம்புகள் வெளுத்துத் தடித்து ஒன்றையொன்று நெருங்கி ஓடின. காம்புகள் முறுக்கிக்கொண்டிருந்தன. சப்பைகளில் பெரும்பாலானவை கொட்டிவிட்டன.

"சார், இது வைரஸ் நோயா? இல்லை, நான் அடித்த ஊக்கி மருந்து போலியா?" என்று கேட்டார். அவர் சப்பை உதிராமலிருக்க நாப்தலின் அசிட்டிக் அமிலம் தெளித்திருந்தார். மருந்துப் புட்டியையும் ரசீதையும் கொண்டு வந்திருந்தார். மருந்து நல்ல மருந்து. அளவும் சரியான அளவு. தெளித்த நாளும் 60 ஆம் நாள்தான். எங்கும் பிழை தெரியவில்லை.

வயலுக்குச் சென்று பார்த்தபோது விடை கிடைத்தது. இலைச்சுருள் வைரஸ் நோயானால் வெள்ளை ஈ பரப்புவதால் வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கும். தத்துப்பூச்சித் தாக்குதலானால் இலையின் ஓரம் கீழ்நோக்கி மடங்கி, மஞ்சளாகிப் பின் சிவக்கும். இங்கோ கிணற்று மேட்டை ஒட்டிய வரிசைகளில் ஒரு செடி தப்பாமல் பாதிப்பு கடுமையாக இருந்தது. உள்ளே செல்லச் செல்ல அது குறைந்துகொண்டே போய், வயலின் மறு கோடியில் செடிகள் ஏறத்தாழ நன்றாகவே இருந்தன. தெளிப்பு எங்கிருந்து தொடங்கியதோ அங்கிருந்தே பாதிப்பும் தொடங்கியிருக்கிறது. முதல் டேங்கில் அதிகம். அடுத்தடுத்த டேங்குகளில் குறைவு.

"தெளிப்பான் யாருடையது ஐயா?" என்று கேட்டோம். பக்கத்து வயல்காரரிடம் இரவல் வாங்கியது. அவர் அதற்கு முந்தின நாள் பின்பட்டமாக விதைத்த தம் மக்காச்சோளத்தில் அகன்ற இலைக் களைகளுக்கு 2,4-டி தெளித்திருந்தார். டேங்கை ஒரு முறை தண்ணீர் விட்டு அலசித்தான் கொடுத்தாராம். அந்த அலசல் போதவில்லை.

இதில் உழவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சப்பையைத் தாங்குவதற்காக அவர் தெளித்த நாப்தலின் அசிட்டிக் அமிலமும், சப்பையைக் கொட்ட வைத்த 2,4-டியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டுமே ஆக்சின் என்னும் ஊக்கியின் வேலையைச் செய்பவை. ஒரே வகைப் பொருள் ஓரிடத்தில் காயைக் காக்கிறது, ஓரிடத்தில் செடியைக் கெடுக்கிறது. இது எப்படி என்பதை அறிய, ஊக்கிகளைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

உணவு வேறு, ஊக்கி வேறு

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகியவை பயிரின் உணவு. இவை கிலோக் கணக்கில் தேவைப்படுகின்றன. ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. ஊக்கியோ உணவன்று, அது ஒரு செய்தி. பருத்திக்குப் பரிந்துரைக்கப்படும் நாப்தலின் அசிட்டிக் அமிலம் ஒரு லிட்டர் நீருக்கு 40 மில்லிகிராம். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளித்தால், ஒன்றரை ஏக்கருக்கும் சேர்த்து 12 கிராம்தான் ஆகிறது. ஒரு கைப்பிடி உப்பின் எடை கூட இல்லை.

வரப்பில் நிற்கும் மேஸ்திரி "அங்கே அண்டை கட்டு, இங்கே மடையைத் திற" என்று சொல்வது போன்றது ஊக்கியின் வேலை. ஆள் இல்லாத வயலில் மேஸ்திரி எவ்வளவு உரக்கக் கூவினாலும் வேலை நடவாது. அதுபோல உணவும் ஈரமும் இல்லாத செடியில் ஊக்கி தெளித்துப் பயனில்லை. "டானிக் அடித்தேன், ஒன்றும் காணோம்" என்று சொல்பவர்களின் வயல்களில் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஐந்து ஊக்கிகள்

பயிர்களில் பல ஊக்கிகள் இருப்பினும் முதன்மையானவை ஐந்து.

1. ஆக்சின்: ஒளியை நோக்கி நாற்று வளைவது ஏன் என்று சார்லஸ் டார்வின் தம் மகனுடன் சேர்ந்து ஆராய்ந்து 1880 இல் ஒரு நூல் வெளியிட்டார். நுனியை மூடிவிட்டால் நாற்று வளைவதில்லை என்றும், நுனியிலிருந்து ஏதோ ஒன்று கீழே இறங்கி வந்து வளையச் செய்கிறது என்றும் அவர்கள் கண்டனர். அந்த ஏதோ ஒன்றை ஆலந்து நாட்டைச் சேர்ந்த வென்ட் என்பவர் 1926 இல் ஓட்ஸ் நாற்றின் நுனியிலிருந்து பிரித்துக் காட்டினார். அதுவே ஆக்சின். செடியில் இயற்கையாக உள்ளது இண்டோல் அசிட்டிக் அமிலம். ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டவை நாப்தலின் அசிட்டிக் அமிலமும், 2,4-டியும். தண்டு நுனியில் உண்டாகும் ஆக்சின் கீழிறங்கிப் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். முருங்கையிலும் துவரையிலும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிப்பது இந்த ஆதிக்கம் நீங்குவதால்தான்.

2. ஜிப்பரலின்: நெல் நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் மற்றவற்றுக்கு மேலே நெடுநெடுவென்று வளர்ந்து, வெளிறி, மணி பிடிக்காமலே மடிவதைக் கண்டிருப்பீர்கள். ஜப்பானியர் இதனை அசட்டு நாற்று என்ற பொருளில் பக்கானே என்று அழைத்தனர். இது ஒரு பூசணத்தால் வரும் நோய். அந்தப் பூசணம் சுரக்கும் பொருளே நாற்றை நீளச் செய்கிறது என்று 1926 இல் தைவானில் குரோசாவா என்பவர் கண்டறிந்தார். அப்பொருளுக்கு 1935 இல் ஜிப்பரலின் என்று பெயர் வந்தது. பின்னர் எல்லாச் செடிகளிலும் இது இயற்கையாகவே உள்ளது எனத் தெரிந்தது. தண்டு நீளவும், விதை முளைக்கவும் இது உதவுகிறது. விதையில்லாத் திராட்சையில் மணி பெருக்க இது தெளிக்கப்படுகிறது.

3. சைட்டோகைனின்: செல்கள் பிரிந்து பெருகச் செய்வது. இளநீரில் இத்தகைய பொருள்கள் இருப்பதால் 1941 முதலே ஆய்வுக்கூடங்களில் செடிக் கருவை வளர்க்க இளநீர் பயன்பட்டு வந்தது. இக்குடும்பத்தின் முதல் பொருளான கைனட்டின் 1955 இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. இயற்கையான சைட்டோகைனின் ஒன்றை 1963 இல் பால் பிடிக்கும் பருவத்து மக்காச்சோள மணிகளிலிருந்து பிரித்தெடுத்தனர். வேரின் நுனியில் உண்டாகி மேலேறி வருவதால், வேர் கெட்டால் இதன் வரத்தும் குறையும். இலைகள் விரைவில் மூப்படையும்.

4. எத்திலின்: இது ஒரு வாயு. வாழைத்தார்களை அறையில் அடுக்கிப் புகை மூட்டம் போட்டால் விரைவில் பழுப்பது புகையில் உள்ள எத்திலினால்தான். ரஷ்யாவில் நெல்யூபோவ் என்பவர், விளக்குக்கான எரிவாயுக் கசிவால் பட்டாணி நாற்றுகள் குட்டையாகித் தடித்து வளைவதை ஆராய்ந்து, அதற்குக் காரணம் எத்திலின் என்று 1901 இல் கூறினார். பழங்களே இந்த வாயுவை வெளிவிடுகின்றன என்பது 1934 இல் உறுதியாயிற்று. கனி பழுப்பதோடு இலை, பூ, பிஞ்சு உதிர்வதையும் இது தூண்டும்.

5. அப்சிசிக் அமிலம்: இதுவே நமது பருத்தியோடு நேரடித் தொடர்புடையது. பருத்திக் காய்கள் ஏன் உதிர்கின்றன என்று கலிபோர்னியாவில் அடிகாட் என்பவரின் குழு ஆராய்ந்து, 1963 இல் இளம் பருத்திக் காய்களிலிருந்து இதனைப் பிரித்தது. உதிர்தல் என்ற பொருளில் பெயரும் வைத்தனர். பிற்கால ஆய்வுகளில், உதிர்வதை நேரடியாகத் தூண்டுவது பெரும்பாலும் எத்திலினே என்றும், அப்சிசிக் அமிலத்தின் முக்கிய வேலை வறட்சியில் இலைத் துளைகளை மூடி நீரைச் சேமிப்பதும் விதையை உறங்க வைப்பதும் என்றும் தெளிவாயிற்று. வைத்த பெயர் மட்டும் மாறவில்லை.

சப்பை ஏன் உதிர்கிறது?

பருத்திச் செடி தான் தாங்கக் கூடியதைவிட அதிகமாகவே சப்பை வைக்கும். சப்பை, பூ, பிஞ்சு என எல்லாம் சேர்த்துப் பாதிக்கு மேல் உதிர்வது இயல்பு. ஆகவே கீழே கொட்டிக் கிடப்பதைக் கண்டவுடன் கலங்க வேண்டியதில்லை. இயல்புக்கு மேல் கொட்டும்போதுதான் காரணம் தேட வேண்டும்.

சப்பை தோன்றி ஏறத்தாழ மூன்று வாரங்களில் பூக்கும். காலையில் வெளிர் நிறமாக விரியும் பூ, அடுத்த நாள் சிவந்து வாடும். பூத்த பிறகு சுமார் பத்து நாள்கள்தான் பிஞ்சுக்குக் கண்டம். இரண்டு வாரம் தாண்டிய காய் பெரும்பாலும் உதிர்வதில்லை. ஏன்? பிஞ்சுக்குள் வளரும் சுமார் 30 விதைகளும் ஆக்சினை உண்டாக்கிக் காம்பு வழியே அனுப்பிக்கொண்டிருக்கின்றன. "நான் உயிரோடு இருக்கிறேன், என்னைத் தாங்கு" என்ற செய்தி அது. அந்தச் செய்தி வரும் வரையில் காம்பின் அடியிலுள்ள உதிர்வு அடுக்கு வாளாயிருக்கும். செய்தி குறைந்து எத்திலின் மிகுந்தால் அந்த அடுக்கிலுள்ள செல்களின் பிணைப்பு கரைந்து காம்பு கழன்றுவிடும்.

செய்தி குறையக் காரணங்கள் யாவை?

* பூ விரிந்த காலை நேரத்தில் மழை பெய்தால் மகரந்தம் கெட்டு, விதை பிடிப்பதில்லை. விதை இல்லையேல் ஆக்சின் இல்லை.

* ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நாள்கணக்கில் வானம் மூடியிருந்தால் இலையில் மாவுச்சத்து உற்பத்தி குறைந்து, பிஞ்சுகளுக்குப் போதிய உணவு கிடைப்பதில்லை.

* கரிசல் மண்ணில் நீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. செடிக்குள் எத்திலின் மிகும்.

* வறட்சியில் நின்ற செடிக்குத் திடீரென்று மிகுதியான நீர் கிடைத்தாலும் உதிர்வு கூடும்.

* தழைச்சத்தை அளவுக்கு மிஞ்சி இட்டால் செடி அடர்ந்து, அடிக் கிளைகள் நிழலில் பட்டு அங்குள்ள சப்பைகள் கொட்டும்.

* காய்ப்புழு துளைத்த சப்பைகளும் உதிரும். உதிர்ந்த சப்பைகளைப் பொறுக்கிப் பிரித்துப் பார்த்தால் துளையும் எச்சமும் காணலாம். இதற்குப் புழுக் கட்டுப்பாடுதான் தேவை, ஊக்கி தீர்வாகாது.

செய்ய வேண்டியவை

முதலில் வடிகால். பருத்தி வயலில் ஒரு நாள் கூட நீர் தேங்கவிடக் கூடாது. அடுத்தது மண் ஆய்வுப்படி உரம். இவ்விரண்டையும் செய்த பிறகே ஊக்கியைப் பற்றி எண்ண வேண்டும்.

நாப்தலின் அசிட்டிக் அமிலம்: விதைத்த 60 ஆம் நாளிலும் 90 ஆம் நாளிலும் 40 பிபிஎம் கரைசலாகத் தெளிக்கலாம். பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராம் கலந்தால் அது ஒரு பிபிஎம். கடைகளில் கிடைக்கும் திரவ மருந்து பெரும்பாலும் 4.5 சதவீதம். அதாவது ஒரு மில்லியில் ஏறத்தாழ 45 மில்லிகிராம் மருந்து உள்ளது. எனவே,

* 10 லிட்டர் டேங்குக்கு: 9 மில்லி

* 16 லிட்டர் டேங்குக்கு: 14 மில்லி

மருந்துப் புட்டியின் சீட்டில் இதனிலும் குறைவாகக் குறித்திருந்தால் சீட்டில் உள்ளபடியே செய்யவும். மூடியில் கண்ணளவாக ஊற்றுவதை அறவே விட வேண்டும். அளவு ஊசி அல்லது அளவுக் குவளை ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளவும். கரைசல் சப்பை, மொட்டுகளின்மீது நன்கு படுமாறு காலையிலோ மாலையிலோ தெளிக்க வேண்டும். உப்பு நீரையும் கடின நீரையும் தவிர்க்கவும். சுண்ணாம்புப் பாறை மிகுந்த அரியலூர் வட்டாரத்தில் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் இதனைக் கவனிப்பது அவசியம். முடிந்தவரை நல்ல நீர் கொண்டு வந்து கலக்கவும்.

"40 க்கு நல்லது என்றால் 100 க்கு இன்னும் நல்லதுதானே?" என்று கேட்போர் உண்டு. அன்று. ஆக்சின் மிகுந்தால் செடி தானே எத்திலினை உண்டாக்கத் தொடங்குகிறது. காக்க வந்த மருந்தே உதிர்க்கும் மருந்தாகிவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று முன்னோர் சொன்னது ஊக்கிகளுக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்.

பருத்தி பிளஸ்: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய இக்கலவையில் ஊட்டச்சத்துகளும் வளர்ச்சி ஊக்கியும் சேர்ந்துள்ளன. ஏக்கருக்கு 2.5 கிலோ வீதம் 200 லிட்டர் நீரில் கரைத்து, பூக்கும் பருவத்தில் ஒரு முறையும் காய் பிடிக்கும் பருவத்தில் ஒரு முறையும் தெளிக்கலாம். இதனைத் தெளிப்பவர்கள் அதனுடன் வேறு ஊக்கிகளைக் கலந்து அடிக்க வேண்டியதில்லை.

நுனி கிள்ளுதல்: இது காசு செலவில்லாத ஊக்கி மேலாண்மை. ரகங்களில் 75 நாள் அளவில் 15 ஆவது கணுவுக்கு மேலும், வீரிய ஒட்டுகளில் 85 முதல் 90 ஆம் நாளில் 20 ஆவது கணுவுக்கு மேலும் தண்டின் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். மேலே ஓடிக்கொண்டிருக்கும் உணவு பக்கக் கிளைகளுக்கும் காய்களுக்கும் திரும்பும். கிள்ளிய பின் செடி மேலும் உயராது என்பதால் தெளிப்பும் எடுப்பும் எளிதாகும். வறட்சியால் ஏற்கெனவே குட்டையாக நிற்கும் மானாவாரிப் பருத்தியில் இது தேவையில்லை.

2,4-டி: பருத்திக்கு அருகில் எச்சரிக்கை

1940 களில் உருவாக்கப்பட்ட 2,4-டி, ஆக்சினின் வேலையைப் பன்மடங்கு செய்வது. செடி தன் சொந்த ஆக்சினைத் தேவை முடிந்ததும் அழித்துவிடும். 2,4-டியை அகன்ற இலைச் செடிகளால் அவ்வளவு எளிதில் அழிக்க முடிவதில்லை. "வளர், வளர்" என்ற கட்டளை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருப்பதால் செல்கள் முறைகெட்டுப் பெருகி, தண்டு முறுக்கி, இலை உருமாறி, செடி தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. நெல், மக்காச்சோளம், கரும்பு போன்ற புல்லினப் பயிர்கள் இதனைச் சிதைத்துவிடும் திறன் உடையவை, ஆகவே தப்புகின்றன. பருத்தியோ அகன்ற இலைப் பயிர்களிலும் மிக மென்மையானது. டேங்கின் அடியிலும் குழாயிலும் ஒட்டியிருக்கும் மிச்சமே அதற்குப் போதும். பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் மக்காச்சோளமும் பருத்தியும் ஒரு வரப்பின் இருபுறமும் நிற்பதால் கீழ்க்காணும் முறைகளைக் கைக்கொள்ள வேண்டும்.

1. களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளவும். தனியாக வாங்க இயலாதவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்கி அடையாளமிட்டு வைக்கலாம்.

2. இரவல் வாங்கும்போது, கடைசியாக அதில் என்ன மருந்து அடித்தது என்று கேட்காமல் வாங்கக் கூடாது. கொடுப்பவரும் கேட்காமலே சொல்லிவிடுவது நன்று.

3. வேறு வழியின்றி ஒரே தெளிப்பானைப் பயன்படுத்த நேர்ந்தால், மூன்று முறை நீர் விட்டு அலசி, சலவைச் சோடாக் கரைசலை நிரப்பி ஓர் இரவு ஊறவைத்து, குழாய், வடிகட்டி, நாசில் அனைத்தையும் கழற்றிக் கழுவி, மீண்டும் நல்ல நீரால் அலச வேண்டும். அதன் பின் நல்ல நீரை நிரப்பி வயல் மூலையில் நாலைந்து பருத்திச் செடிகள்மீது மட்டும் தெளித்து, ஒரு வாரம் கொழுந்தைப் பார்த்த பிறகே வயல் முழுவதும் தெளிக்கவும்.

4. 2,4-டியில் எஸ்டர் வகை ஆவியாகிக் காற்றில் பரவும். அமைன் உப்பும் சோடியம் உப்பும் அவ்வளவு ஆவியாவதில்லை. பருத்திக்கு அருகில் எஸ்டர் வகையைப் பயன்படுத்தவே கூடாது.

5. பருத்தி வயலை நோக்கிக் காற்று வீசும்போது தெளிக்க வேண்டாம். நாசிலைத் தாழப் பிடித்து, பெரிய துளியாக விழுமாறு அடிக்கவும். விசைத்தெளிப்பானால் புகைபோல் அடிக்கக் கூடாது.

6. தெளிப்பான் கழுவிய நீரைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது.

கடையில் வாங்கும்போது

நாப்தலின் அசிட்டிக் அமிலம், ஜிப்பரலிக் அமிலம், எத்திபான் போன்ற வளர்ச்சி ஊக்கிகள் 1968 ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்டவை. கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம், அமினோ அமிலம் போன்ற உயிர் ஊக்கிகள் 2021 இல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. எனவே வாங்கும் புட்டியில் பொருளின் பெயர், சதவீதம், பதிவு எண், காலாவதி நாள் ஆகியவை அச்சிடப்பட்டுள்ளனவா என்று பார்க்கவும். "எல்லாப் பயிருக்கும் ஏற்றது, இரட்டிப்பு மகசூல்" என்று மட்டும் எழுதி, உள்ளே இருப்பது இன்னது என்று சொல்லாத எதையும் வாங்க வேண்டாம். ரசீது பெறாமல் வரக் கூடாது. மேலே கூறிய உழவர் ரசீதும் புட்டியும் வைத்திருந்ததால்தான் மருந்தின்மீது பழியில்லை என்பதை உடனே கண்டுகொள்ள முடிந்தது. ஐயம் ஏற்பட்டால் வேப்பந்தட்டை பருத்தி ஆராய்ச்சி நிலையத்தையோ, சோழமாதேவி வேளாண் அறிவியல் மையத்தையோ, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ அணுகவும்.

அந்த வயல் என்ன ஆயிற்று?

அன்று அவர் கேட்ட கடைசிக் கேள்வி இதுதான்: "ஓட்டிவிட்டு உளுந்து தெளிக்கட்டுமா சார்? ஈரம் இருக்கும்போதே முடிவு சொல்லுங்கள்." விதை, உரம், களையெடுப்புக் கூலி என்று கடன் வாங்கிப் போட்ட பணம் மண்ணில் கிடந்தது. ஓட்டச் சொல்லிப் பயிர் தேறக் கூடியதாக இருந்தாலும் தவறு. நிற்கச் சொல்லித் தேறாமல் போனாலும் தவறு. அதற்குள் உளுந்துக்கான ஈரமும் போய்விடும். சொல்வதற்கு எளிதாக இல்லை.

2,4-டியின் பாதிப்புக்கு மாற்று மருந்து கிடையாது. ஆனால் உருமாறிய இலை திரும்பாவிட்டாலும், மருந்தின் வேகம் தணிந்த பின் செடி புதிய கொழுந்தை நல்ல முறையில் விடக் கூடும். கிணற்று மேட்டை ஒட்டிப் பாதிப்பு மிகக் கடுமையாக இருந்த நாலைந்து வரிசைகளை மட்டும் நீக்கி அங்கே உளுந்து தெளிக்கவும், மற்றவற்றை இரண்டு வாரம் வைத்துப் பார்க்கவும் சொன்னோம். வடிகால் எடுத்து நீர் தேங்காமல் காக்கவும், சிறிதளவு மேலுரம் இடவும், எந்த ஊக்கியையும் தெளிக்காமல் இருக்கவும் கூறினோம். மறுபடியும் ஒரு டானிக் அடித்தால் உடனே தேறிவிடும் என்று சிலர் அவருக்கு யோசனை சொன்னார்களாம். அவர் கேட்கவில்லை.

பொங்கலுக்கு முன் சென்று பார்த்தபோது, உருமாறிய இலைகளுக்கு மேலே அகன்ற, சாதாரணப் பருத்தி இலைகள் வந்திருந்தன. அவற்றின் கக்கங்களில் சப்பைகள் நின்றன. முதல் எடுப்பில் வர வேண்டியது போய்விட்டது. அதனை யாராலும் திருப்பித் தர முடியாது. ஆயினும் மாசியில் எடுப்பதற்கு மேல் கிளைகளில் காய் இருந்தது. செடி எந்த உயரத்தில் துன்பப்பட்டு எந்த உயரத்தில் தேறியது என்பதை இலைகளைப் பார்த்தே எண்ணிச் சொல்லும்படி இருந்தது.

களத்து ஓரத்தில் இரண்டு தெளிப்பான்கள் இருந்தன. ஒன்றின் டேங்கில் சிவப்பு வண்ணம் பூசி "களைக்கு மட்டும்" என்று எழுதியிருந்தது. அவரும் பக்கத்து வயல்காரரும் சேர்ந்து வாங்கியதாம்.

ஊக்கி என்பது செடி தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் பேச்சு. அதில் நாம் ஒரு சொல் சேர்க்க விரும்பினால், உரிய நேரத்தில், உரிய அளவில், சுத்தமான கருவியால் சேர்க்க வேண்டும். வரும் பருவத்தில் தெளிப்பானைக் கையில் எடுக்குமுன், அதில் கடைசியாக இருந்தது என்ன என்று ஒரு முறை கேட்டுவிட்டு எடுக்குமாறு உழவர் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.